பிரெஞ்சு பார்மசியில் க்ரீம் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸுக்கு வருகிறவர்கள் ஈஃபிள் கோபுரத்துக்கு வழி கேட்கிறார்களோ இல்லையோ, பார்மசிக்கு வழி கேட்கிறார்கள். ஒரே சந்தேகத்துக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைக்கலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் தோல் மருத்துவர் இல்லை. படை, மங்கு, ஆறாத பரு என்று எதுவாவது இருந்தால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் க்ரீம்.

அக்கா, முகத்துக்குப் போடுற க்ரீமை மருந்துக் கடையில ஏன் வாங்கணும்?

பிரான்ஸில் இந்தத் தொழில் கனிம ஊற்று ஊர்களிலிருந்து வளர்ந்தது. எக்ஸிமா, சொரியாசிஸ் உள்ளவர்களை மருத்துவர்கள் மூன்று வாரம் ஊற்றுக் குளியலுக்கு அனுப்பும் வழக்கம் இங்கே இன்றும் உண்டு. அரசு மருத்துவக் காப்பீடு அந்தச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. லா ரோஷ் போசே, அவேன், விஷி, யூரியாஜ் எல்லாமே முதலில் ஊர்ப் பெயர்கள். அந்த ஊற்று நீரை வைத்துச் செய்த க்ரீம்கள் தோல் மருத்துவரின் சீட்டு வழியாகப் பார்மசிக்கு வந்தன, அங்கேயே நிலைத்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், லா ரோஷ் போசே, அவேன் இரண்டின் தலபுராணத்திலும் சொறி பிடித்த குதிரை ஒன்று ஊற்றில் குளித்துக் குணமாகிறது. முதல் கதையில் அது 14ஆம் நூற்றாண்டுத் தளபதி து கெக்லேனின் குதிரை, இரண்டாவதில் 1736இல் ஒரு மார்க்கியின், அதாவது ஒரு பிரபுவின் குதிரை.

குதிரையை நம்பி யாரும் வாங்க வேண்டாம். இன்று லா ரோஷ் போசேயும் விஷியும் லோரியால் குழுமத்தின் கையில் இருக்கின்றன. அவேன், க்ளோரான், துக்ரே, ஆ-டெர்மா நான்கும் பியேர் ஃபாப்ர் என்ற மருந்து நிறுவனத்தைச் சேர்ந்தவை. பார்மசியில் விற்பது ஒரு வியாபார வழியும்தான். ஆனாலும் சென்சிட்டிவ் சருமத்துக்கு வாசனை சேர்க்காத, எளிமையான பொருள்கள் நியாயமான விலையில் இவ்வளவு வகையாக ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய வசதி.

பார்மசி, பாராபார்மசி: ரெண்டும் ஒண்ணா?

இல்லை. பச்சைச் சிலுவை எரியும் கடை பார்மசி. மருந்து அங்கே மட்டும்தான் கிடைக்கும், பாராசிட்டமால்கூடச் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. 2020 ஜனவரியிலிருந்து பார்மசியிலேயே அதைக் கவுண்டருக்குப் பின்னால் வைத்துக் கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். பாராபார்மசியில் மருந்து இருக்காது. க்ரீம், ஷாம்பு, குழந்தைப் பொருள்கள் இருக்கும். லெக்ளேர் போன்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்குள் இருப்பது இந்த வகைதான்.

க்ரீம் வாங்க இரண்டில் எங்கே போனாலும் ஒன்றுதான். ஒரு காலத்தில் இந்த நிறுவனங்கள், பட்டம் பெற்ற மருந்தாளுநர் நேரில் இருக்கும் கடையில்தான் விற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தன. அந்த நிபந்தனையால் இணையத்தில் விற்கவே முடியாத நிலை இருந்தது. பியேர் ஃபாப்ர் வழக்கில் 2011 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதை உடைத்தது. இப்போது பல பார்மசிகள் இணையத்திலும் விற்கின்றன.

எந்த பிராண்டு எதுக்கு? கடைக்குள்ள போனா தலை சுத்துது.

பிராண்டைப் பார்க்காமல் உங்கள் பிரச்சினையைப் பாருங்கள். வறட்சி, அரிப்பு, எக்ஸிமா வரும் சருமம் என்றால் லா ரோஷ் போசேயின் லிபிகார் பாம் (பாம் என்றால் கெட்டியான களிம்பு), பயோடெர்மாவின் அட்டோடெர்ம், ஆ-டெர்மாவின் எக்ஸோமெகா மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. மூன்றில் எது தள்ளுபடியில் இருக்கிறதோ அதை எடுங்கள். எண்ணெய் வழிந்து பரு வரும் முகத்துக்கு பயோடெர்மா செபியம், லா ரோஷ் போசே எஃபாக்லார், அவேன் க்ளீனான்ஸ் வரிசைகள். எதைப் போட்டாலும் எரிகிறது, சிவக்கிறது என்பவர்களுக்கு அவேனின் டோலெரான்ஸ் வரிசையைச் சொல்வேன். அதில் சேர்ப்பது மிகக் குறைவு.

அப்புறம், "சிகா" என்று தொடங்கும் க்ரீம்கள்: சிகாப்ளாஸ்ட், சிகால்ஃபாட், சிகாபியோ. உரசல், வெடிப்பு, லேசர் செய்த பின் காய்ந்த தோல் ஆகியவற்றின் மேல் பூசுவது. வீட்டில் ஒரு டியூப் இருந்தால் உதடு முதல் குதிகால் வரை ஆகும். ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன் என்றால் இதைத்தான் கைகாட்டுவேன், மற்றவர்கள் சீரம் கீரம் என்று சொல்லட்டும்.

நுக்ஸின் ஹுயில் ப்ரோதிஜ்யூஸ் எண்ணெய், போர்தோ திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த கோதலி, மேக்கப் கலைஞர்கள் கொண்டாடும் எம்ப்ரியோலிஸ் பால் க்ரீம் மூன்றும் நன்றாக மணக்கும். மணக்கிறது என்றால் வாசனை சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். பார்மசியில் இருப்பதாலேயே எல்லாம் சென்சிட்டிவ் சருமத்துக்கு என்று எண்ண வேண்டாம். ஆசைக்கு வாங்குங்கள், அலர்ஜி இருந்தால் விட்டுவிடுங்கள்.

செராவே வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அது பிரெஞ்சுதானே?

அமெரிக்க பிராண்டு. 2017இல் லோரியால் வாங்கியதால் இங்கே எல்லா அலமாரியிலும் இருக்கிறது. யூசெரின் ஜெர்மனி, வெலேடா சுவிட்சர்லாந்து. நல்ல பொருள்கள்தான், ஆனால் பாரிஸிலிருந்து சுமந்துபோக வேண்டியவை இல்லை.

எங்கே வாங்கினா மலிவு?

மருத்துவக் காப்பீட்டில் வரும் மருந்துகளுக்குத்தான் அரசு விலை வைக்கிறது. க்ரீம்களுக்குக் கடைக்காரர் வைத்ததே விலை. அதனால் ஒரே டியூப் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் வேறு வேறு விலையில் இருக்கும். சுற்றுலாத் தலங்களை ஒட்டிய பார்மசிகள் பெரும்பாலும் அதிகம்.

பெயர் பெற்ற கடை சிட்டிஃபார்மா. சேன் ழெர்மேன் தெ ப்ரேயில், ரூ து ஃபூரும் ரூ போனபார்த்தும் சந்திக்கும் முனை. விலை உண்மையிலேயே குறைவு, கூட்டமும் உண்மையிலேயே தி.நகர் தீபாவளிக் கூட்டம்தான். வார நாளில் கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள், சனிக்கிழமை பிற்பகல் பக்கமே போகாதீர்கள். ஐந்தாம் வட்டாரத்தில் ப்ளாஸ் மோன்ழ் அருகே இருக்கும் பார்மசி மோன்ழும் இதே வகை. கூட்டம் பிடிக்காதவர்கள், தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய லெக்ளேர் இருந்தால் அங்கே போகலாம். பாரிஸுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதுவே சிறந்தது.

இரண்டு பாட்டில்களைச் சேர்த்துக் கட்டி விற்கும் பொட்டலங்களைக் கவனியுங்கள். மேக்கப் துடைக்கும் மைசெல்லர் வாட்டர், உடம்புக்கான பாம் போன்றவற்றில் அப்படி வாங்கினால்தான் லாபம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான பார்மசிகள் மூடியிருக்கும், கடைசி நாள் ஞாயிறு என்றால் முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு மலிவா இருந்தா, காலாவதி ஆகப்போற சரக்கா இருக்குமோ?

இல்லை. அந்தக் கடைகள் பெருமளவில் வாங்கி, ஒரு டியூபுக்குக் குறைந்த லாபம் வைத்து நிறைய விற்கின்றன. சரக்கு தேங்காததால் அங்கேதான் புதிதாக இருக்கவும் வாய்ப்பு.

டியூபில் காலாவதித் தேதியே இல்லையே என்று பலர் பயப்படுகிறார்கள். ஐரோப்பிய விதிப்படி, 30 மாதத்துக்கு மேல் கெடாமல் இருக்கும் அழகுசாதனப் பொருளுக்குத் தேதி அச்சிட வேண்டியதில்லை. அதற்குப் பதில், மூடி திறந்த டப்பா படம் ஒன்று இருக்கும். அதற்குள் 6, 12 என்று ஓர் எண். திறந்த பிறகு அத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அர்த்தம். திறந்த தேதியை டியூபிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

எனக்கு பிரெஞ்சு தெரியாது. கேட்டா சிடுசிடுன்னு விழுவாங்களாமே?

உள்ளே நுழைந்ததும் "போன்ழூர்" (வணக்கம்) சொல்லுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். சொல்லாமல் நேராக "இது இருக்கிறதா" என்று போனை நீட்டினால்தான் முகம் மாறும். சொன்ன பிறகு ஆங்கிலத்தில் பேசுங்கள், பாரிஸில் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள்.

மருந்தாளுநர் குறைந்தது ஆறு ஆண்டுகள் படித்தவர். காட்டில் பறித்த காளானைக் கொண்டுபோய் இது விஷமா என்று கேட்கும் பழக்கம்கூட இங்கே உண்டு, அந்த அளவுக்கு நம்பிக்கை. ஆகவே வெறும் பட்டியலை நீட்டாமல், என்ன பிரச்சினை, ஏற்கெனவே என்ன மருந்து போடுகிறீர்கள், கர்ப்பமா, எந்த ஊர் வெயிலில் இருக்கிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். கூட்டக் கடைகளில் இதற்கு நேரம் கிடைக்காது. ஆலோசனைக்குத் தெருமுனைப் பார்மசி, மூட்டையாக வாங்க சிட்டிஃபார்மா என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம். ஆலோசனை கேட்ட கடையிலும் ஏதாவது ஒன்று வாங்கிவிடுவேன்.

மைசெல்லர் வாட்டர்னா என்ன? கழுவணுமா வேண்டாமா?

தண்ணீரில் மிக மென்மையான சோப்புத் தன்மையுள்ள பொருளைக் கரைத்தது. அந்த மூலக்கூறுகள் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு எண்ணெயையும் மேக்கப்பையும் பிடித்துக்கொள்ளும். பஞ்சில் நனைத்துத் துடைப்பது. பயோடெர்மா பாட்டிலில் இளஞ்சிவப்பு மூடி சென்சிட்டிவ் சருமத்துக்கு, பச்சை மூடி எண்ணெய்ச் சருமத்துக்கு. பழைய குறிப்புகளில் கிரேயலின் என்று எழுதியிருப்பதும் இப்போது சென்சிபியோ என்று விற்பதும் ஒன்றுதான், தேடி அலைய வேண்டாம்.

கழுவ வேண்டாம் என்று பாட்டிலில் இருக்கும். எனக்குக் கழுவினால்தான் திருப்தி, அதனால் கெடுதலும் இல்லை. நம் ஊர் வாட்டர்ப்ரூஃப் கண்மையை இது முழுதாக எடுக்காது. அதற்கு எண்ணெயும் நீரும் இரண்டு அடுக்காக நிற்கும், குலுக்கிப் பயன்படுத்தும் வகையை வாங்குங்கள்.

ஊற்றுத் தண்ணி ஸ்ப்ரே வாங்கலாமா? எல்லாரும் கையில வெச்சிருக்காங்க.

கனிமம் கலந்த நீர். வெயிலில் எரியும் முகத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். பெட்டியில் எடையைத் தின்னும். வேண்டுமென்றால் 50 மி.லி. புட்டி ஒன்று வாங்கி, ஊரைச் சுற்றும்போதே தீர்த்துவிடுங்கள்.

சன்ஸ்கிரீன் மட்டும் இங்கேருந்து வாங்கணும்னு சொல்றாங்களே, ஏன்?

இதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் மருந்தாகக் கணக்கிடப்படுகிறது, புதிய வடிகட்டிகளுக்கு, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்களுக்கு, அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஐரோப்பாவில் அது அழகுசாதனப் பொருள், அனுமதி பெற்ற வடிகட்டிகளின் பட்டியல் நீளமானது. 2022இல் லா ரோஷ் போசே கொண்டுவந்த ஆந்தெலியோஸ் யூவிமியூன் 400இல் இருக்கும் மெக்சோரில் 400 அப்படி ஒன்று. புற ஊதாக் கதிர்களில் ஒரு வகையான யூவிஏவில் மிக நீண்ட அலைநீளம் வரை தடுக்கிறது. மங்கும் கரும்புள்ளியும் வரும் நம் சருமத்துக்கு யூவிஏ தடுப்பு முக்கியம். பெட்டியில் வட்டத்துக்குள் யூவிஏ என்று எழுதியிருந்தால், அந்தப் பாதுகாப்பு எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்று பொருள். 50+ என்று போட வேண்டுமானால் சோதனையில் குறைந்தது 60 வந்திருக்க வேண்டும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய திரவ வகைகள் வியர்வையோடு கண்ணில் இறங்கினால் எரியும். கண்ணைச் சுற்றி வேறொன்று போடுவது நல்லது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் போட வேண்டும். ஒரு பொட்டு அளவு போட்டுவிட்டு 50+ என்று நம்பி நிற்பவர்களே அதிகம்.

போட்டா சாம்பல் பூசின மாதிரி ஆகுது. நம்ம நிறத்துக்கு எது சரி?

மினரல் என்று எழுதிய வகைகளில் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும். அவைதான் வெள்ளையாகத் தெரிபவை. மேலே சொன்ன திரவ வகையில் அந்தத் தொல்லை இல்லை.

மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம்: கண்ணுக்குத் தெரியும் ஒளியே மங்கைக் கூட்டக்கூடும். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய சன்ஸ்கிரீன்தான் அதைத் தடுக்கும். சிக்கல், பிரெஞ்சு பார்மசிகளில் அந்த நிறங்கள் பெரும்பாலும் வெளுத்த சருமத்துக்கானவை. வாங்கும் முன் தாடை ஓரத்தில் தடவி, வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் நிறமில்லாததைப் போட்டு, மேலே உங்கள் நிறத்து ஃபவுண்டேஷனைப் பூசலாம். அதிலும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு உண்டு.

சென்னைப் புழுக்கத்துக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே க்ரீம் "ரிஷ்", "லெழேர்" என்று இரண்டு பதத்தில் வரும். முதலாவது கெட்டி, இங்கத்திய குளிர்காலத்துக்கு. இரண்டாவது லேசானது. சென்னைக்கும் கொழும்புக்கும் லேசானது, ஜெல் அல்லது திரவம். பெங்களூரு, ஊட்டி, டொராண்டோ என்றால் கெட்டியானதும் ஆகும். பாரிஸ் ஜனவரியில் தடவிப் பார்த்துச் சொக்கிப்போய் வாங்கிய க்ரீம் மாம்பலத்தில் முகத்தில் வழியும்.

சிவப்பாக்குற க்ரீம் ஏதாவது சொல்லுங்களேன். லா ஷப்பேல் பக்கம் கடையில இருக்காமே?

பார்மசியில் நிறத்தை மாற்றும் க்ரீம் கிடையாது. கரும்புள்ளியை மெல்ல மங்கச் செய்யும் பொருள்கள் உண்டு: நியாசினமைடு, வைட்டமின் சி, அசெலாயிக் அமிலம் கலந்தவை. மாதக்கணக்கில் போட வேண்டும், கூடவே சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் காசுக்குக் கேடு.

லா ஷப்பேல் இருக்கும் வடக்குப் பாரிஸில், ஷாத்தோ ரூழ், ஷாத்தோ தோ பகுதிகளின் சில அழகுப்பொருள் கடைகளில் வெளுப்பாக்கும் க்ரீம்கள் கள்ளத்தனமாக விற்கப்படுவது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவற்றில் தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், க்ளோபெடசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, சிலவற்றில் பாதரசம்கூட இருக்கும். ஐரோப்பாவில் அழகுசாதனப் பொருளில் இவை சேர்க்கத் தடை. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு வெடித்து, நிறுத்தியதும் முன்பைவிடக் கறுக்கும். கல்யாணத்துக்கு முன்னால் என்று யாராவது கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ரெட்டினால்? ஏ313னு ஒண்ணு ரொம்ப ஸ்ட்ராங்காமே?

ஏ313 மருந்து, க்ரீம் அலமாரியில் இருக்காது, கவுண்டரில் கேட்க வேண்டும். மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும் வைட்டமின் ஏ களிம்பு. வைட்டமின் ஏ வகையில் வீரியமான மருந்தான ட்ரெட்டினாயினுக்குச் சமம் என்று வீடியோக்களில் சொல்வதை நம்ப வேண்டாம். ட்ரெட்டினாயினுக்கு இங்கே மருத்துவர் சீட்டு வேண்டும். அமெரிக்காவில் 2016 முதல் சீட்டில்லாமல் கிடைக்கும் பரு மருந்தான அடாபலீனுக்கும் இங்கே சீட்டுதான். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் வைட்டமின் ஏ வகை எதையும் தொடக் கூடாது.

சாதாரண ரெட்டினால் க்ரீம் என்றால், ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்துள்ளது. புதிதாகச் சந்தைக்கு வருபவற்றுக்கு 2025 நவம்பரிலிருந்து, அலமாரியில் உள்ள எல்லாவற்றுக்கும் 2027 மே மாதத்திலிருந்து. தொடக்கக்காரர்களுக்கு அந்த அளவே தாராளம்.

குழந்தைக்கு என்ன வாங்கலாம்?

எக்ஸிமா இருந்தால் முன்பு சொன்ன பாம்களே போதும், அவற்றில் பல பச்சிளங்குழந்தைக்கும் ஆகும். பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். முஸ்டேலா புகழ்பெற்றது, பல பொருள்களில் வாசனை உண்டு. இங்கத்தியத் தாய்மார்கள் டயபர் மாற்றும்போது துடைக்க "லினிமான்" என்ற ஒன்றை வைத்திருப்பார்கள். ஆலிவ் எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிநீரும் சேர்த்தது, விலையும் குறைவு. ஓமெயோப்ளாஸ்மின் களிம்பை உதட்டுக்கு என்று வாங்கினால் குழந்தைக்குப் பூசாதீர்கள், அதில் போரிக் அமிலம் இருக்கிறது.

வரி திரும்பக் கிடைக்குமாமே, எப்படி?

க்ரீம் விலையில் 20 சதவீத வரி சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், 16 வயது நிரம்பியவர், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் திரும்பப் பெறலாம். இதற்கு "டேதாக்ஸ்" என்று பெயர். பணம் கட்டும்போதே கேளுங்கள், அசல் பாஸ்போர்ட் வேண்டும். 120 யூரோவில் வரி 20 என்றாலும், இடைத்தரகு நிறுவனத்தின் கட்டணம் போகக் கைக்கு வருவது சுமார் 12 சதவீதம்.

விமான நிலையத்தில் பாப்லோ என்ற இயந்திரத்தில் படிவத்தில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே செய்யுங்கள், சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். பாரிஸுக்குப் பிறகு ரோம் போய் அங்கிருந்து ஊர் திரும்பினால், ரோம் சுங்கத்தில்தான் முத்திரை வாங்க வேண்டும். லண்டன் உறவினர்களுக்கும் 2021 முதல் இது உண்டு, யூரோஸ்டார் ரயில் ஏறும் முன் கார் து நோர் நிலையத்திலேயே முடிக்கலாம்.

நீங்க வாங்கி வெச்சிடுங்க, நான் வந்து டேதாக்ஸ் போட்டுக்கிறேன். சரிதானே?

சரியில்லை. கடையில் பாஸ்போர்ட் காட்டி வாங்குபவரும் பொருளோடு வெளியேறுபவரும் ஒருவராக இருக்க வேண்டும். நான் இங்கே வசிப்பவள், எனக்கு அந்த உரிமை கிடையாது. இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு ஜெர்மனியில் வசிக்கும் தம்பிக்கும் கிடையாது. வசிக்கும் இடம்தான் கணக்கு.

இந்தியாவிலேயே கிடைக்குதே. அதே சரக்குதானா, போலியா?

பயோடெர்மா, அவேன், லா ரோஷ் போசே மூன்றும் இந்தியாவில் முறையாகவே விற்பனையாகின்றன. இறக்குமதியாகும் அழகுசாதனப் பொருளின் லேபிளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாமல், பாதி விலையில், யாரோ ஒரு விற்பனையாளரிடம் இருந்தால் விலகிவிடுங்கள்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது நாட்டுக்கு நாடு மாறலாம், சன்ஸ்கிரீனில் குறிப்பாக. அமெரிக்காவில் வாங்கும் ஆந்தெலியோஸில் மேலே சொன்ன புதிய வடிகட்டி இருக்காது. பின்பக்கப் பொருள் பட்டியலை ஒப்பிடுங்கள். பாமும் மைசெல்லர் வாட்டரும் விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் ஊரிலேயே வாங்கிவிடலாம்.

பெட்டியில எப்படிக் கொண்டுபோறது? இல்ல, கூரியர்ல அனுப்ப முடியுமா?

100 மி.லி.க்கு மேல் எல்லாம் செக்-இன் பெட்டியில். மூடியைத் திறந்து, வாயில் ஒரு துண்டு ப்ளாஸ்டிக் தாளை வைத்து மூடினால் கசியாது. காற்றடைத்த ஸ்ப்ரே ஒவ்வொன்றும் 500 மி.லி.க்குள் இருக்க வேண்டும், ஒருவருக்கு மொத்தம் இரண்டு லிட்டர்.

கூரியரில் அந்த ஸ்ப்ரேக்களை எடுக்க மாட்டார்கள், மற்றவற்றுக்கும் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து மலிவெல்லாம் காணாமல் போகும். யாராவது ஊருக்குப் போகும்போது இரண்டு டியூப் கொடுத்தனுப்பச் சொன்னால் பார்க்கலாம். பட்டியல் ஒரு பக்கம் இருந்தால் டிக்கெட் போட்டு நீங்களே வந்துவிடுங்கள்.